கடலோரத்தில் ஓர் ஊர்: சுவர், சதுப்பு, மிதவை, மேட்டு நிலம் – எதைத் தேர்வது?

ஜப்பானின் மியாகோ நகராட்சிக்குள் தாரோ, அனேயோஷி என்று இரண்டு கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. 1896இலும் 1933இலும் வந்த ஆழிப்பேரலைகள் இரண்டையும் துடைத்துப் போட்டன. அதன்பின் தாரோ மக்கள் கடலுக்கு எதிரே சுவர் எழுப்பினார்கள். பல பத்தாண்டுகளாக நீட்டி நீட்டிக் கட்டியதில் அது 10 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நீளமுமாக வளர்ந்தது. அனேயோஷி மக்கள் மலைச்சரிவில் ஒரு கல்லை நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்று அதில் செதுக்கிவிட்டு, குடியிருப்பை அதற்கு மேலே கொண்டுபோனார்கள். 2011 மார்ச் 11 அன்று அலை தாரோவின் சுவரைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது, சுவரின் ஒரு பகுதி பெயர்ந்தே போனது. அனேயோஷியில் அலை கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. வீடுகள் எல்லாம் தப்பின.

இந்த இரண்டை மட்டும் வைத்துச் சுவர் வீண் என்று சொல்லிவிட முடியாது. அதே கடற்கரைப் பகுதியில் ஃபுதாய் என்ற கிராமம் 15.5 மீட்டர் உயரத்தில் ஒரு மதகைக் கட்டி 1984இல் முடித்தது. இவ்வளவு உயரம் எதற்கு என்று அப்போது எதிர்ப்பு கிளம்பியது. ஊர்த்தலைவர் கோதோக்கு வாமுரா 1933இன் பிணங்களைப் பார்த்தவர், அவர் இறங்கி வரவில்லை. 2011இல் அந்த மதகு ஊரைக் காப்பாற்றியது.

கடலோடு ஒத்துப்போகிற, முடிந்தவரை தன் காலில் நிற்கிற ஓர் ஊரை அமைக்க ஒரு குழுவோ மீனவக் கிராமமோ உள்ளாட்சியோ கூடிப் பேசும்போது, பேச்சு பெரும்பாலும் சூரியத் தகடு, காற்றாலை, பசுமை வீடு என்றுதான் தொடங்குகிறது. அவை பிறகு வரட்டும். முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஊர் கடலுக்கு எவ்வளவு அருகில், எந்த ஏற்பாட்டோடு நிற்கப்போகிறது என்பதை. இதற்குப் பொதுவாக நான்கு வழிகள் பேசப்படுகின்றன. கடலைத் தடுத்து நிறுத்துவது ஒன்று. கரையை உயிரோடு வைத்து அதற்குப் பின்னால் வாழ்வது இன்னொன்று. நீரின் மேல் மிதப்பது, பின்வாங்கி மேட்டுக்குப் போவது ஆகியவை மற்ற இரண்டு. நான்குமே எங்கோ ஓரிடத்தில் வெற்றி பெற்றவைதான். அதனால் எது நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டால் விடை கிடைக்காது. எது தோற்கும்போது எப்படித் தோற்கிறது என்று கேட்க வேண்டும். மெல்லத் தோற்குமா, ஒரே இரவிலா? தோற்றபின் திருத்த முடியுமா? திருத்தத் தெரிந்தவர் ஊரிலேயே இருக்கிறாரா, அல்லது வெளியிலிருந்து வர வேண்டுமா? தன்னிறைவை நாடும் ஊருக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம்.

எந்தக் கடலுக்காகத் திட்டமிடுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாவது அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1995–2014 காலத்தோடு ஒப்பிட்டால் 2100க்குள் அது மேலும் உயரும். உமிழ்வு மிகவும் குறைந்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், மிகவும் கூடினால் 63 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில், ஒரு மீட்டர் உயர்வு என்றால் நீர்விளிம்பு நூறு மீட்டர் உள்ளே வருகிறது. அரிப்பும் புயல் நேரத்து நீரேற்றமும் இதற்கு மேல். இன்று கட்டும் வீட்டில் பிறக்கும் குழந்தை தன் முதுமையில் பார்க்கப்போகிற கடல் இது.

தடுத்து நிறுத்துவது

சுவரின் பலம் அதன் பின்னால் இருப்பதை அப்படியே இருக்க விடுவது. நெருக்கமான நகரம், துறைமுகம், வேறெங்கும் போக இடமில்லாத தீவு ஆகிய இடங்களில் சுவரை விட்டால் வேறு வழி இல்லை. மாலத்தீவின் தலைநகர் மாலேயைச் சுற்றி ஜப்பானிய உதவியோடு எழுந்த தடுப்பு 2002இல் முடிந்தது. 2004 ஆழிப்பேரலையின் பெருஞ்சேதம் அந்நகரை எட்டாமல் தடுத்தது அதுதான்.

ஆனால் சுவர் கடலை நிறுத்துவதோடு நிற்பதில்லை. செங்குத்தான கல்லில் மோதித் திரும்பும் அலை காலடி மணலை வாரிக்கொண்டு போகிறது. சில ஆண்டுகளில் சுவர் இருக்கும், கடற்கரை இருக்காது. படகை இழுத்துப் போடவும் வலை உலர்த்தவும் மணல் வேண்டிய ஊருக்கு இது பெரிய இழப்பு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். கரையோரம் ஓடும் மணல் ஓர் ஊருக்குச் சொந்தமானதில்லை. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஊர் அடுத்த ஊரின் கரையை எடுத்துக்கொள்கிறது. அடுத்த ஊரும் வளைவு கேட்கும், அதற்கடுத்த ஊரும் கேட்கும்.

தோல்வி என்று பார்த்தால் சுவர்தான் மிக மோசமாகத் தோற்கிறது. அது தாண்டப்படும் நாள் வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். சுவர் தரும் தைரியத்தில் அதன் நிழலிலேயே பள்ளியும் மருத்துவமனையும் எழும். நீர் உள்ளே வந்தபின் வெளியேற வழியிருக்காது. நெதர்லாந்து இதை நன்றாக அறிந்த நாடு. 1953 ஜனவரி 31 இரவில் தொடங்கிய வெள்ளத்தில் அங்கே 1,836 பேர் இறந்தார்கள். அதன்பின் டெல்டா பணிகள் என்ற பெயரில் எழுந்த அணைகளும், 1997இல் திறந்த, நகர்ந்து மூடும் மேஸ்லாண்ட் தடுப்பும் உலகம் வியக்கும் பொறியியல்தான். அவற்றுக்குப் பின்னால் ஒரு செல்வந்த அரசும், தனி வரி வசூலித்துத் தேர்தல் நடத்தி இயங்கும் நீர் வாரியங்களும், ஓயாமல் ஓடும் நீரிறைப்பான்களும் இருக்கின்றன. சில நூறு குடும்பங்கள் உள்ள ஊர் அந்தச் சுவரைக் கடன் வாங்கிக் கட்டலாம், ஐம்பது ஆண்டுகள் பராமரிக்க முடியாது. சிற்றூருக்குச் சுவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். படகுத்துறை, மீன் இறங்குதளம் என்று ஏதேனும் ஒரு புள்ளியைக் காக்க மட்டும் கட்டலாம்.

கடலை நிரப்பி நிலம் எடுப்பது பற்றி ஒரு சொல். பவளத்திட்டின் மேல் நிரப்பும் நிலம், தன்னைக் காத்துவந்த அரணையே புதைத்துவிடுகிறது. நலமான பவளத்திட்டு வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் கரைத்துவிடும் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அதை இழந்தபின் அதே வேலையைச் செய்யும் அலைத்தடுப்பைக் கான்கிரீட்டில் கட்டி, காலத்துக்கும் பழுது பார்க்க வேண்டும்.

உயிருள்ள கரை

அலையாத்திக் காடு, உப்புச் சதுப்பு, மணல்மேடு, சிப்பித்திட்டு, பவளம் ஆகியவற்றை முன்னே விட்டு, அவற்றுக்குப் பின்னால் தள்ளி ஊரை வைப்பது இரண்டாவது வழி. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். அதனாலேயே இதன் குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நூறு மீட்டர் அகலமான அலையாத்திக் காடு காற்றால் எழும் அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள். இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்று கவனியுங்கள். மரவகை, வேர் அடர்த்தி, நீராழம் எல்லாம் இதைத் தீர்மானிக்கின்றன. புயல் நேரத்து நீரேற்றத்தைக் கணிசமாகக் குறைக்க நூறு மீட்டர் போதாது, கிலோமீட்டர் கணக்கில் காடு வேண்டும். ஆகவே காடு இருக்கிறது என்று நம்பித் தாழ்ந்த தரையில் வீடு கட்டினால், சுவரை நம்பிய தவறுதான் பச்சை நிறத்தில் திரும்பி வருகிறது.

அடுத்தது, நடுவதில் உள்ள ஏமாற்றம். உலகம் முழுவதும் அலையாத்தி நடும் விழாக்களில் நட்டவற்றில் பெரும்பகுதி பிழைப்பதில்லை. பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகளாக நடந்த நடவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள் காரணத்தைத் தெளிவாகவே சொன்னார்கள். நடுவதற்கு எளிதான ரைசோபோரா என்ற அலையாத்தி வகையின் நாற்றை, யாரும் உரிமை கோராத திறந்த சேற்றுவெளியில், அலை நேரே அடிக்கும் இடத்தில் நட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இயற்கையாகவே காடு வளர்ந்திருக்காது. வளர்ந்திருக்க வேண்டிய இடமோ மீன் பண்ணைகளாக மாறிப்போயிருந்தது. காட்டுக்குத் தேவை நாற்றைவிட அதிகமாகச் சேறும், உள்ளே வந்து போகும் ஓதநீரும், அமைதியும்தான். இவை இருந்தால் விதை தானே வந்து ஒதுங்கும்.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்த இடம் மத்திய ஜாவாவின் தெமாக் கரை. பண்ணைகளுக்காகக் காட்டை அழித்ததில் அங்கே கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்திருந்தது. 2015 முதல் மூங்கிலும் சுள்ளியும் கொண்டு நீர் புகுந்து போகும் வேலிகளை ஆழம் குறைந்த கடலில் அமைத்தார்கள். அலை வேலிக்குள் நுழையும்போது தளர்ந்துவிடும், கொண்டுவந்த சேறு அங்கேயே படியும், படிந்த சேற்றில் செடி முளைக்கும். ஊர்க்காரர்களே கட்டி, ஊர்க்காரர்களே பழுது பார்க்கக் கூடிய வேலை இது. பல இடங்களில் சேறு சேர்ந்தது. ஆனால் பக்கத்தில் உள்ள செமாராங் நகரமும் தொழிற்சாலைகளும் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரையே ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. சேறு படியும் வேகத்தை நிலம் தாழும் வேகம் வெல்கிறது. கரையில் எவ்வளவு சரியாக நடந்துகொண்டாலும், நிலத்தடி நீரை யார் எடுக்கிறார்கள் என்பது ஊரின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது. தேர்வு செய்யும் இடத்தில் நிலம் தாழ்கிறதா என்று கேட்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய அளவிலும் இந்த வழி நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் தெற்கு ஹாலந்து கரையில் 2011இல் 2 கோடியே 15 லட்சம் கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, நீரோட்டமும் காற்றுமே அதைக் கரைநெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். இங்கிலாந்தின் மெட்மெரியில், திரும்பத் திரும்ப உடைந்துகொண்டிருந்த கூழாங்கல் கரையை இனிக் காப்பதில்லை என்று முடிவெடுத்து, உள்ளே தள்ளி 7 கிலோமீட்டர் மண்கரை கட்டிவிட்டு, 2013இல் பழைய கரையைத் தாங்களே வெட்டிக் கடலை உள்ளே விட்டார்கள். ஏறத்தாழ 180 ஹெக்டேர் நிலம் ஓதச் சதுப்பாக மாறியது. பின்னால் இருக்கும் வீடுகள் முன்னைவிடப் பாதுகாப்பாக இருக்கின்றன.

உயிருள்ள கரை தோற்கும்போது மெல்லத் தோற்கும். ஒவ்வோர் ஆண்டும் செடிவரிசை சில மீட்டர் பின்னால் வருவதைக் கண்ணால் பார்க்கலாம், அதற்குள் யோசிக்க நேரம் இருக்கும். ஆனால் அது பின்னால் வர இடம் வேண்டும். கடற்பக்கம் நீர் ஏற, நிலப்பக்கம் சாலையோ மதிலோ தடுக்க, நடுவில் சதுப்பு நசுங்கிச் சாவதுதான் பல கரைகளில் நடக்கிறது. இந்த வழியைத் தேர்பவர்கள் இன்று எதுவும் கட்டாமல் விட வேண்டிய நிலத்துக்கு இன்றே விலை கொடுக்க வேண்டும். நிலம் கிடைக்காத இடத்தில் இந்த வழியும் கிடையாது.

மிதப்பது

படங்களில் மிக அழகாக இருப்பது மிதக்கும் நகரம். ஐ.நா. வாழ்விட அமைப்பின் ஆதரவோடு தென்கொரியாவின் பூசானுக்காக 2022இல் வெளியிட்ட மாதிரி வடிவம் 12,000 பேருக்கு இடம் தருவதாக வரையப்பட்டது. மாலத்தீவிலும் இப்படி ஒரு திட்டம் உண்டு.

ஏற்கெனவே மக்கள் மிதந்து வாழும் இடங்களைப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். பெருவில் தித்திகாக்கா ஏரியின் உரோஸ் மக்கள் கோரைத்தீவுகளில் வாழ்கிறார்கள். கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் மிதக்கும் கிராமங்கள் உண்டு. வியட்நாமின் ஹா லோங் விரிகுடாவில் தீவுகள் சூழ்ந்த அமைதியான நீரில் மீனவர்கள் மிதவை வீடுகளில் வாழ்ந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கூன்ஸ்கிப் குடியிருப்பில் 46 குடும்பங்கள் மிதவை வீடுகளில் சூரிய மின்சாரமும், கால்வாய் நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் கருவிகளும் வைத்து, மின்சாரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களே கூடித் திட்டமிட்டுக் கட்டிய இடம் அது, பாராட்டத்தக்க வேலை. ஆனால் ஏரி, கால்வாய், விரிகுடா என்று எல்லாமே ஒதுக்கமான நீர். திறந்த கடலலையில் ஊராக நிலைத்த மிதவை எதையும் நம் முன்மாதிரியாகக் காட்ட முடியாது.

திறந்த கடலில் மிதவையைக் காக்க முன்னே அலைத்தடுப்பு வேண்டும். அதைக் கட்டும்போது முதல் வழிக்கே திரும்பிவிடுகிறோம். நங்கூரச் சங்கிலி தேயும், உலோகம் துருப்பிடிக்கும், அடியில் மட்டியும் பாசியும் ஏறும். படகு வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும், ஊரையே படகாக்கினால் அந்தப் பராமரிப்பு ஊரளவுக்குப் பெருகும். மிதவையின் நிழலில் கடற்புல் வெளிச்சமின்றிச் செத்துப்போகும் ஆபத்தும் உண்டு. தோல்வி இங்கே திடீரென்று வரும், ஒரு புயல் இரவில் நங்கூரம் அறுந்தால் போதும்.

உப்பங்கழியிலும் முகத்துவாரத்திலும் கழிமுகத்திலும், வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்நிலங்களிலும் மிதவைக்கு நல்ல இடம் உண்டு. அங்கேயும் ஊர் முழுவதையும் மிதக்க விடுவதைவிட, பள்ளி, மருத்துவ நிலையம், தானியக் கிடங்கு போன்றவற்றை மிதவையாக்குவது பயன் தரும். வெள்ள நாட்களில் கட்டாயம் இயங்க வேண்டியவை அவைதான்.

மேட்டுக்குப் போவது

பின்வாங்குவது தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள். அனேயோஷியைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஆனாலும் இந்த நான்கில் மனிதருக்கு மிகவும் வலிக்கும் வழி இதுதான், வலி பெரும்பாலும் போகும் விதத்தில் இருக்கிறது.

ஃபிஜியின் வுனிதோகோலோவா கிராமம் 2014இல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்ளே, தங்கள் குலத்துக்கே சொந்தமான நிலத்துக்கு மாறியது. கேட்டது மக்கள், நிலம் அவர்களுடையது, பழைய இடமும் எட்டும் தூரத்திலேயே இருந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் ஐல் டி ஜான் சார்ல்ஸ் தீவு 1955 முதல் தன் நிலத்தில் 98 சதவீதத்தை இழந்தது. 2016இல் அரசு 4 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கியது, 2022இல்தான் முதல் குடும்பங்கள் புதிய இடத்துக்குப் போயின. பணம் இருந்தும், திட்டம் தங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று அங்கிருந்த பழங்குடித் தலைமை வெளிப்படையாகவே முறையிட்டது. வேல்ஸின் ஃபேர்போர்ன் கிராமத்தில் இன்னொரு விதமான துயரம். 2050களுக்குப் பிறகு இந்த ஊரின் தடுப்பைக் காக்க இயலாது என்று அறிவித்தார்கள். எங்கே போவது, வீட்டுக்கு ஈடு உண்டா என்பதற்கு விடை சொல்லவில்லை. வீடுகளின் விலை சரிந்தது, கடல் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பாகவே மக்கள் சிக்கிக்கொண்டார்கள்.

மீன்பிடித்து வாழ்பவருக்குக் கடலைவிட்டுத் தள்ளிப் போவது தொழிலைவிட்டுத் தள்ளிப் போவது. படகைக் காவல் காக்க வேண்டும், காற்றையும் நீரின் நிறத்தையும் வாசலில் நின்று பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் அடுக்குமாடியில் குடியேற்றினால் மக்கள் கரைக்கே திரும்பி வந்து குடிசை போடுவார்கள், அது அவர்கள் குற்றமாகாது. உறங்குவது மேட்டில், உழைப்பது கரையில் என்று பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வலைக்கூடம், பனிக்கட்டி அறை, படகுத்துறை, உலர்களம் ஆகியவை கரையில் இருக்கட்டும். அவை எளிதாகப் பிரித்து நகர்த்தக் கூடியவையாக, நீர் வந்தால் இழப்பு சிறிதாக இருக்கும்படி இருக்கட்டும். நடந்தே போய்வரும் தூரத்தில் மேடு இருந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

தன்னிறைவு எதில் வேண்டும்

எல்லாவற்றிலும் தன்னிறைவு என்பது ஆசை மட்டுமே. எதில் அது உயிர்நாடி, எதில் வெளியுலகத் தொடர்பே நல்லது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

குடிநீரில்தான் முதல் தன்னிறைவு. கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. தலைகீழாகப் பார்த்தால்தான் அதன் கடுமை புரியும். ஆழ்துளைக் கிணறு நீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நான்கு மீட்டர் மேலேறும். ஆகவே கடலோர ஊரில் ஆழமான கிணறும் விசை மோட்டாரும் ஆபத்து. ஆழமற்ற, பரவலான ஊற்றுக்கிணறுகளில் மேலாக எடுப்பதே தாங்கும்.

மழைநீரோடு ஒப்பிடுவோம். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் இடத்தில் 100 சதுரமீட்டர் கூரை, சேதாரம் போக ஏறத்தாழ 80,000 லிட்டர் தரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றால் நால்வருக்கு ஆண்டுக்கு 73,000 லிட்டர் வேண்டும். கணக்கு நேர்கிறது, மழையில்லாத மாதங்களைக் கடக்கும் அளவுக்குத் தொட்டி இருந்தால். ஆறோ ஏரியோ இல்லாத பெர்முடா தீவில் கூரைநீரைச் சேமிப்பது சட்டம். அங்கே வீட்டுக்கு வீடு வெள்ளைப் படிக்கூரையும் அடியில் தொட்டியும் இருக்கின்றன.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். 500 பேருக்கு ஆளுக்கு 50 லிட்டர் என்றால் நாளுக்கு நூறு யூனிட்டுக்குள் அடங்கிவிடும், சூரியத் தகடுகளே தந்துவிடும். தடை மின்சாரத்தில் இல்லை. உப்பைப் பிரிக்கும் சவ்வு, உயர் அழுத்தப் பம்பு, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர், மிஞ்சும் அடர் உப்புநீரை எங்கே விடுவது என்பவற்றில்தான் இருக்கிறது. மீன்குஞ்சு வளரும் உப்பங்கழியில் அதை விட்டால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததாகும். மழையை முதலாகவும் ஊற்றை இருப்பாகவும் வைத்து, ஆலையை வறட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது என் வரிசை. இந்த மூன்றும் சேர்ந்து கோடையில் எத்தனை பேருக்குத் தரும் என்பதே ஊரின் மக்கள்தொகை வரம்பு.

மின்சாரத்தில் இரண்டு தீவுகள் இரண்டு பாடங்கள் தருகின்றன. டென்மார்க்கின் சாம்சோ 1997இல் ஒரு தேசியப் போட்டியில் வென்று, நிலத்தில் 11, கடலில் 10 காற்றாலைகளை நிறுவியது. அவற்றில் பலவற்றில் ஊர்மக்களுக்குப் பங்கு உண்டு. ஆண்டுக் கணக்கில் தனக்கு வேண்டியதைவிட அதிகமாகவே உற்பத்தி செய்கிறது. காற்றில்லாத நாளில் கடலடிக் கம்பி வழியே பெருநிலத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் எய்க் தீவுக்கு அப்படிக் கம்பி கிடையாது. 1997இல் தீவையே விலைக்கு வாங்கிய மக்கள், 2008இல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்துத் தங்கள் மின்வலையை அமைத்தார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று வரம்பும் வைத்துக்கொண்டார்கள். கம்பி இழுக்க முடிந்தால் சாம்சோ வழி மலிவு. முடியாதென்றால் எய்க் வழி. அங்கே வேலை செய்வது கருவியைவிட அந்த 5 கிலோவாட் ஒப்பந்தம்தான்.

உணவில், கடல் தருவதை எடுக்கும் உரிமை யாரிடம் என்பது எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1995இல் தேசியப் பூங்கா அமைந்தபின், உள்ளூர் மீனவர்களே முன்னின்று மீன்பிடியை நிறுத்திக் காத்தார்கள். 1999க்கும் 2009க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் பெருகியது. சிலியில் 1991 சட்டம் சிறுமீனவர் சங்கங்களுக்குக் கடலடியின் பகுதிகளைத் தனியுரிமையாகக் கொடுத்தது. வளர்ப்பு என்று வந்தால், தீனி கேட்காத ஆளி, சிப்பி, கடற்பாசி ஆகியவை ஊருக்கு ஏற்றவை. அலையாத்தியை வெட்டி இறால் குளம் தோண்டுவது அரணை விற்றுச் சில ஆண்டு வருமானம் வாங்குவது. தானியமும் எண்ணெயும் வெளியிலிருந்து வரட்டும், அதில் வெட்கம் இல்லை.

கழிவுநீரைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் கடலோடு இசைவு என்பது அங்கேதான் தொடங்குகிறது. கலிபோர்னியாவின் ஆர்காட்டா நகரம் 1986 முதல் தன் கழிவுநீரைச் சதுப்புக் குளங்களின் வழியே தெளிய வைத்து விரிகுடாவில் விடுகிறது. அந்தச் சதுப்பு பறவைகள் தங்கும் சரணாலயமாகவும் இருக்கிறது. சிற்றூருக்கு மண்ணாக்கும் கழிப்பறையும் நாணல் படுகையும் போதும்.

எச்சரிக்கையிலும் தன்னிறைவு வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவில் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தது ஏழு பேர். 1907 பேரலைக்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகப் பாட்டிலும் கதையிலும் சொல்லிவந்த ஒரே செய்தி, நிலம் குலுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது. மின்சாரமும் கைபேசியும் இல்லாமலே அது வேலை செய்தது.

எந்தக் கரைக்கு எது

பின்னால் மேடு உள்ள கரையில் குடியிருப்பு மேட்டிலும், தொழில் கரையிலும், நடுவில் கட்டாத நிலமும் இருக்கட்டும். தட்டையான, சேறு நிறைய வரும் கழிமுகத்தில் சதுப்பை வளரவிட்டு, தூண்களில் உயர்த்திய வீடுகளையும் மிதக்கும் பொதுக் கட்டடங்களையும் அமைக்கலாம், நிலம் தாழவில்லை என்று உறுதி செய்தபின். பவளத்தீவில் பவளத்தைக் காப்பதுதான் முதல் கட்டுமானம், அதோடு வேறோர் இடத்தில் குடியேற உரிமையும் தேடி வைக்க வேண்டும். பசிபிக் தீவு நாடான கிரிபாஸின் (கிரிபாட்டி) அரசு 2014இல் ஃபிஜியில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கியது போல. ஏற்கெனவே நெருங்கிவிட்ட நகரத்தில் சுவரைத் தவிர்க்க முடியாது. அங்கே நம்மால் முடிந்தது, சுவருக்குப் பின்னால் புதிதாக எதையும் குவிக்காமல் இருப்பது.

ஒரே வழியை என்றென்றைக்குமாகத் தேர வேண்டியதில்லை. லண்டனின் தேம்ஸ் கழிமுகத்துக்காக 2012இல் ஏற்றுக்கொண்ட திட்டம் 2100க்கான விடையை இன்றே எழுதி வைக்கவில்லை. கடல்மட்டம் உள்ளிட்ட அளவுகளைத் தொடர்ந்து கவனித்து, எந்த அளவு எட்டும்போது எந்த முடிவை எடுப்பது என்று வகுத்திருக்கிறது. சிற்றூருக்கு இதைவிட எளிதாக இதே வேலையைச் செய்யலாம். ஊர்க்கூட்டத்தில் மூன்று எல்லைகளை எழுதி வைக்கட்டும். குறிப்பிட்ட கிணற்றில் இரண்டு கோடைகள் தொடர்ந்து உப்பு ஏறினால் புதிய வீடு கிடையாது. செடிவரிசை நட்டு வைத்த கல்லைத் தொட்டால் கரையோரக் கட்டடங்கள் பின்னே நகரும். ஓதநீர் தெருவுக்குள் ஆண்டுக்கு இத்தனை முறை வந்தால் முதல் வரிசைக் குடும்பங்கள் மேட்டுக்குப் போகும். யார் போவது என்று அன்றைக்கு உட்கார்ந்து சண்டை போட வேண்டியிராது.

அதற்கான மேட்டு நிலத்தை இன்றே, முதல் வீட்டுக்கு அடித்தளம் போடும் முன்பே, தனியார் எவர் பெயரிலும் இல்லாமல் ஊரின் பொதுப்பெயரில், விற்க முடியாதபடி பதிவு செய்துவிட வேண்டும். கடல் நெருங்குவது ஊருக்குத் தெரியும் நாளில் நிலம் விற்பவருக்கும் அது தெரிந்திருக்கும்.